எதுவரைக்கும் சரி?



இரண்டு வாரமாக நான் இங்கே எதுவும் எழுதவில்லை. "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று நாலைந்து பேர் போன் செய்தே கேட்டுவிட்டீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. படுத்தது என் கம்ப்யூட்டர். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். கடைசியில் என் பழைய மாணவர்களுக்கு ஒரு சேதி இருக்கிறது, உறவுக்காரர்களுக்கு ஒன்று இருக்கிறது.

என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். அது எனக்குப் பழக்கமானது பள்ளிக்கூடத்தில்தான். 2011-இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்ததே, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்று ஒன்றும் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. பிள்ளைகள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். நான் சும்மா நோண்டிப் பார்த்தேன், பிடித்துப்போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியபோது, பழைய மாணவன் ஒருவன் வந்து உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். பாஸ், உபுண்டு இரண்டுக்குமே அடிப்படை டெபியன் என்ற ஒரே லினக்ஸ்தான். அதனால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

உபுண்டுவின் பதிப்பு எண்ணிலேயே அது பிறந்த தேதி இருக்கும். 20.04 என்றால் 2020-ஆம் ஆண்டு நான்காவது மாதம். நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷம் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பார்கள். என்னிடம் இருந்தது 20.04. 2025-இல் அதன் ஐந்து வருஷம் முடிந்தது. அடுத்த பதிப்புக்கு மாறச்சொல்லித் திரையில் அடிக்கடி ஒரு பெட்டி வந்து நிற்கும். நானும் மூடிக்கொண்டே இருந்தேன். ஜூன் மாதம் ஒருநாள் மதியம், சரி, இன்றைக்கு முடித்துவிடுவோம் என்று சரி பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ரசம் சாதத்துக்கு வரும்போது கரண்ட் போய்விட்டது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் அது விளக்குக்கும் மின்விசிறிக்கும்தான். கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு யுபிஎஸ் உண்டு. அதன் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது. மாற்றவேண்டும் மாற்றவேண்டும் என்று நானே தள்ளிப்போட்டது. குற்றம் வேறு யார் மேலும் இல்லை.

கரண்ட் வந்ததும் ஆன் செய்தேன். கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி மறைகிறது. ஐகான் இல்லை, படம் இல்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள திரை வரும் என்று என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அழுத்தினேன், வந்தது. பெயர், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய், எனக்குத் தெரிந்த ஒரே கட்டளையைத் தட்டினேன்: சூடோ ஏபிடி அப்கிரேட். ஆங்கிலத்தில் ஏதோ எரர் என்று இரண்டு வரி வந்தது. பயந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எட்டு நாள் அதைத் தொடவில்லை.

ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்பீர்கள். என் மனைவி 2021-இல் தவறியது உங்களுக்குத் தெரியும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், பொழுது போகாமல் அவளைப் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன். மாவடு போடுகிற பக்குவம், நலங்குப் பாட்டு, அவள் அம்மா பாடிய தாலாட்டு, யாருக்கு யார் என்ன உறவு என்கிற கதை. மொத்தம் 63 பதிவுகள். முதலில் போனில் இருந்தவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். பிறகு அந்தப் போன் பழுதாகிக் கொடுத்துவிட்டேன். ஆக 63-ம் இருந்த ஒரே இடம் இந்தக் கம்ப்யூட்டர்தான். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளிடம் "இன்னொரு காப்பி எடுத்து வை" என்று சொன்னவன், தனக்கு ஒரு காப்பி எடுத்து வைக்கவில்லை.

அண்ணன் மகன் வந்து பார்த்தான். "சித்தப்பா, இதெல்லாம் சரிப்படாது. ஃபார்மேட் அடிச்சுட்டுப் புதுசா விண்டோஸ் போட்டுடலாம். அரைமணி நேர வேலை" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். "உள்ளே இருக்கிறது?" என்றேன். "அது போயிடும் சித்தப்பா" என்றான். நான் பதில் பேசவில்லை. அவன் காபி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

உபுண்டு போட்டுக்கொடுத்த அந்த மாணவனையே கூப்பிட்டிருக்கலாம். எண் இருக்கிறது. அவன் இப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறான். ராத்திரி பகல் தெரியாத வேலை. தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. பாடம் நடத்திய பையனிடம் போய் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்பதாம் நாள் காலையில்தான் மனசு இறங்கிப் போன் செய்தேன்.

"சார், என்ன வருது ஸ்க்ரீன்ல?"

"ஏதோ எரர்னு வருதுப்பா."

"ஏதோன்னா? முழுசாப் படிங்க சார்."

எனக்குச் சுருக்கென்றது. "கேள்வியை முழுசாப் படி" என்று வகுப்பில் ஒருநாளைக்குப் பத்துத்தடவை சொன்னவன் நான். எழுந்து போய் ஆன் செய்து, மறுபடி அதே கட்டளையைக் கொடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தேன். அதன் அர்த்தம் இதுதான்: "டிபிகேஜியின் வேலை நடுவில் தடைப்பட்டுவிட்டது. சரிசெய்ய, சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ என்ற கட்டளையை நீங்களே கொடுக்கவேண்டும்."

என்ன ஆயிற்று, என்ன செய்யவேண்டும், இரண்டும் அதிலேயே இருந்தது! எட்டு நாளும் விடை என் கண்முன்னால்தான் இருந்திருக்கிறது. நான் எரர் என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன்.

உடனே தட்டப் போனேன். "இருங்க சார், இப்ப வேணாம்" என்றான். "முதல்ல பதிவுகளை வெளியே எடுத்துடுவோம். அப்புறம் கை நடுங்காம வேலை பார்க்கலாம்."

உபுண்டு போட்ட அன்று அவன் கொடுத்த பென்டிரைவ் என் ஜியோமெட்ரி பாக்ஸில் பத்திரமாக இருந்தது. அதைச் செருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதே எஃப்12-ஐ அழுத்தி (சில கம்ப்யூட்டர்களில் வேறு பொத்தானாக இருக்கும்) அந்தப் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னான். நிறுவு, முயன்று பார் என்று இரண்டு கேட்டது. முயன்று பார் என்பதைக் கொடுத்தேன். இதில் ஹார்ட் டிஸ்க்கை எதுவும் மாற்றாமல், பென்டிரைவிலிருந்தே ஒரு முழு உபுண்டு ஓடும். ஓடியது. ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். என் பெயரில் உள்ள ஃபோல்டர், அதற்குள் அவள் பெயரில் உள்ள ஃபோல்டர். எண்ணிப் பார்த்தேன், 63. இன்னொரு பென்டிரைவுக்குக் காப்பி செய்தேன். சரியாக வந்திருக்கிறதா பார்ப்போம் என்று ஒன்றைத் திறந்தேன். "உப்பு கையளவு போடுங்கன்னா, என் கையளவு. உங்க கையளவு இல்ல" என்றாள்.

போனில் அவன் கொஞ்சநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "வந்துடுச்சு சார். இனி என்ன ஆனாலும் பரவாயில்ல" என்றான்.

அதற்குப் பிறகுதான் பழுது பார்க்கிற வேலை. அவன் எனக்கு விளக்கியதை, எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொட்டலமாக வரும். பேக்கேஜ் என்பார்கள். ஒரு பொட்டலம் வேலை செய்ய இன்னொரு பொட்டலம் தேவைப்படும். பிதாகரஸ் தேற்றம் தெரியாமல் முக்கோணவியல் நடத்த முடியாது அல்லவா, அதுபோல. எதற்கு எது தேவை என்று கணக்குப் பார்த்து, இணையத்திலிருந்து வரவழைப்பது ஏபிடி. வந்த பொட்டலத்தைப் பிரித்து அந்தந்த இடத்தில் வைப்பது டிபிகேஜி. வைத்துவிட்டால் முடிந்ததா என்றால் இல்லை. முதலில் பிரிக்கவேண்டும், பிறகு ஓடுகிற மாதிரி அமைக்கவேண்டும். ஆக ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேலை.

டிபிகேஜி ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, நம் வருகைப் பதிவேடு மாதிரி. இந்தப் பொட்டலம் முழுசாக முடிந்தது, இது பிரித்ததோடு நிற்கிறது, இது அமைக்கும்போது பாதியில் நின்றது என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குறித்துவைக்கும். கரண்ட் போனாலும் பதிவேடு டிஸ்க்கில் இருக்கும். அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்து தொடரலாம். அந்த எரர் செய்தி சொன்ன கட்டளை இதைத்தான் செய்கிறது. பிரித்து வைத்து அமைக்காமல் கிடப்பவற்றை எல்லாம் அமைத்து முடிக்கச் சொல்கிறது.

"எதுவரைக்கும் சரியா நடந்திருக்குன்னு அதுக்குத் தெரியும் சார். அதுக்கப்புறம் உள்ளதை மட்டும் செஞ்சா போதும்" என்றான்.

இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு விடைத்தாள் ஞாபகம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பென்டிரைவை எடுத்துவிட்டு, மறுபடி கறுப்புத் திரைக்குப் போய்க் கட்டளையைக் கொடுத்தேன். (நான் தமிழெழுத்தில் எழுதினாலும் நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். கட்டளைக்கும் கோட்டுக்கும் நடுவில் இடைவெளி விடவேண்டும்.) வரிவரியாக ஓடியது. கால்மணி நேரம் ஓடி நின்றுவிட்டது. மறுபடியும் எரர். இந்தத் தடவை ஸ்விட்சைத் தேடவில்லை. படித்தேன். பழைய பிரிண்டருக்காக நான் எங்கிருந்தோ இறக்கிப் போட்ட ஒரு டிரைவர், தனக்கு வேண்டிய இன்னொரு பொட்டலம் நிறுவப்படவில்லை, ஆகையால் என்னை அமைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது கேட்ட பொட்டலம் புதிய பதிப்பில் கிடையாது.

அடுத்த கட்டளை: சூடோ ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால். தேவைகள் பொருந்தாமல் நிற்பவற்றைச் சரிசெய்ய ஒரு வழி கண்டுபிடித்து, செய்யட்டுமா என்று கேட்கும். சம்மதம் என்றால் ஒய், வேண்டாம் என்றால் என்.

"ஒய் தட்டாதீங்க சார். எதையெல்லாம் நீக்கப் போறேன்னு ஒரு பட்டியல் போட்டிருக்கும். அதை ஒண்ணொண்ணாப் படிச்சுச் சொல்லுங்க."

பட்டியலில் அந்தப் பிரிண்டர் டிரைவர் ஒன்றுதான் இருந்தது. "அப்ப சரி, ஒய்" என்றான். அந்தப் பட்டியலில் உபுண்டு-டெஸ்க்டாப் என்றோ, நமக்குத் தேவையான பெயர்கள் வரிசையாகவோ வந்தால் என் தட்டிவிட்டு யோசிக்க வேண்டுமாம். படிக்காமல் ஒய் தட்டித்தான் நல்ல கம்ப்யூட்டரைப் பலபேர் கெடுத்துக்கொள்கிறார்களாம்.

டிரைவர் போனதும் அடைப்பு எடுத்த வாய்க்கால் மாதிரி ஆயிற்று. டிபிகேஜி கட்டளையை இன்னொருமுறை கொடுத்தேன், எரர் இல்லாமல் முடிந்தது. பிறகு சூடோ ஏபிடி அப்டேட். கடைசியாக சூடோ ஏபிடி ஃபுல்-அப்கிரேட். இன்னும் 312 பொட்டலம் பாக்கி என்றது. அதற்கும் நீக்கும் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் ஒய் கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை கரண்ட் போகக்கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரீஸ்டார்ட் கொடுத்ததும் பழைய மாதிரி எங்கள் வீட்டு முல்லைப் பந்தல் படம் வந்தது. பதிப்பு 22.04. டிரைவரே போடாமல் பிரிண்டரையும் அதுவே அடையாளம் கண்டுகொண்டது.

"நேரா 24.04-க்குப் போயிருக்கலாமே?" என்று கேட்டேன். "20-லேர்ந்து 22, 22-லேர்ந்து 24. அப்படித்தான் போகமுடியும். டபுள் ப்ரமோஷன் கிடையாது சார்" என்று சிரித்தான்.

அப்போதுதான் நான் அந்த விடைத்தாள் விஷயத்தை எடுத்தேன்.

அவன் பத்தாம் வகுப்பில் படித்தபோது, அரையாண்டுத் தேர்வில் ஓர் இருபடிச் சமன்பாடு. சூத்திரம் சரியாக எழுதியிருந்தான். 49-இல் 24 போக 25, வர்க்கமூலம் 5, அதுவரைக்கும் சரி. அடுத்த வரியில் 7 போடவேண்டிய இடத்தில் -7 போட்டுவிட்டான். மூலங்கள் 3, 1/2 என்று வரவேண்டியது, -3, -1/2 என்று வந்தது. நான் மேலிருந்து கீழ்வரை சிவப்பு மையில் ஒரே கோடாக அடித்து, சுழியம் போட்டேன். பேப்பரைக் கொண்டுவந்து, "சார், நாலு வரி வரைக்கும் சரிதானே சார்?" என்று கேட்டான். "விடை தப்புன்னா கணக்கே தப்பு. போ" என்றேன். பொதுத்தேர்வில் படிப்படியாக மதிப்பெண் உண்டு என்று தெரிந்தவன்தான் நான். கண்டிப்பாக இருந்தால்தான் பிள்ளைகள் உருப்படுவார்கள் என்று ஒரு நினைப்பு.

"அந்த ரெண்டு மார்க் கணக்கு ஞாபகம் இருக்காப்பா?" என்றேன்.

"ரெண்டு மார்க் இல்ல சார். அஞ்சு மார்க்" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் இருபத்தைந்து வருஷமாக எண்ணி வைத்திருக்கிறான். "நான் செஞ்சது தப்புப்பா" என்றேன். "அட, விடுங்க சார்" என்றான். விட்டுவிடலாம்தான். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவன் ஒருத்தன் வந்து கேட்டான், தெரிந்தது. கேட்காமல் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்?

கம்ப்யூட்டர் நின்றதும் "ஃபார்மேட் அடித்துவிடலாம்" என்று அண்ணன் மகன் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்ததே, அன்றைக்கு நான் அடித்த சிவப்புக் கோடும் அதே ஃபார்மேட்தான். எதுவரைக்கும் சரி என்று பார்க்கப் பொறுமை இல்லாதவன் செய்கிற வேலை. ஒரு மென்பொருளுக்கு இருக்கிற பொறுமை ஒரு வாத்தியாருக்கு இல்லாமல் போயிற்று.

என்னிடம் கணக்குப் படித்தவர்களே, அந்தப் பேப்பர்களை இப்போது வாங்கித் திருத்த முடியாது. மூன்று மதிப்பெண் வரவேண்டிய இடத்தில் நான் சுழியம் போட்ட பிள்ளை யாராவது இதைப் படித்தால், தப்பு என் மேல்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களில் பலபேர் இப்போது ஆசிரியர்கள். அப்பா, அம்மாவாகவும் இருக்கிறீர்கள். பிள்ளை தப்பான விடையோடு வந்தால், எதுவரைக்கும் சரி என்று முதலில் பாருங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை. மேம்படுத்தும் முன் காப்பி எடுங்கள். யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள். நீங்களாக வெளியிலிருந்து இறக்கிப் போட்டவை என்னென்ன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வரும். லாக் கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால், பின்னால் வேறொரு புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது முடியும்வரை காத்திருங்கள், லாக் ஃபைலை அழிக்காதீர்கள். எந்தச் செய்தி வந்தாலும் கடைசி எழுத்துவரை படியுங்கள்.

உறவுக்காரர்களுக்கு: 63 பதிவுகளையும் மூன்று பென்டிரைவில் போட்டுவிட்டேன். ஒன்று என்னிடம், ஒன்று மகளிடம், ஒன்று அண்ணன் வீட்டில். பெரியம்மா குரல், அத்தை குரல் வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். மாவடுப் பக்குவத்துக்கு அவள் கையளவுதான் கணக்கு. எங்கள் மகளின் கை அதே அளவு என்று சொல்கிறார்கள். அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி வாங்கிவிட்டேன். 24.04-க்கு இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்